நாடகசாலையில் கூடிய ஊர்

கும்பகோணத்துக்குக் கோயில் பார்க்க வருகிறவர்களுக்கென்று வழக்கமான தடம் ஒன்று உண்டு. காலையில் தாராசுரம். இரண்டாம் இராசராசன் எடுத்த ஐராவதேசுவரர் கோயிலின் அடித்தளத்தில், சாண் அளவுக் கட்டங்களுக்குள் செதுக்கப்பட்டிருக்கும் நாயன்மார் கதைகளைக் குனிந்து குனிந்து பார்ப்பது. அங்கிருந்து மயிலாடுதுறைச் சாலையில் திருபுவனம். மூன்றாம் குலோத்துங்கனின் கம்பகரேசுவரர் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, நெசவாளர் தெருவில் ஒரு பட்டுப்புடவைக்கு விலை கேட்பது. நேரம் மிஞ்சினால் அதே சாலையில் இன்னும் சிறிது தொலைவு போய், திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலின் நீண்ட பிராகாரங்களில் ஒரு சுற்று. நண்பர்கள் சிலராகச் சேர்ந்து நாங்களும் பல ஆண்டுகள் இந்தத் தடத்திலேயே சுற்றியிருக்கிறோம். கல்லைப் பார்த்தோம், செப்புத் திருமேனிகளைப் பார்த்தோம், எடுப்பித்த அரசர்களின் பெயர்களை ஒருவருக்கொருவர் ஒப்பித்துக்கொண்டோம். ஆனால் அந்த ஊர்களில் வாழ்ந்த மனிதர்கள் எங்கே கூடினார்கள், எங்கே உட்கார்ந்து பேசினார்கள், எங்கே வழக்காடி எங்கே உடன்பட்டார்கள் என்ற கேள்வி நெடுங்காலம் எங்களுக்குள் எழவேயில்லை.

அதை எழுப்பியது ஒரு சொல். நாடகசாலை என்பது அந்தச் சொல்.

திருவிடைமருதூரின் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, வீரபாண்டியன் தலைகொண்ட பரகேசரி என்று குறிக்கப்படும் அரசனின் காலத்தது. அவனை ஆதித்த கரிகாலன் என்று அறிஞர்கள் கொள்கின்றனர். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் கடம்பூர் மாளிகையும் கொலையும் நினைவுக்கு வரும். கல்வெட்டு பேசும் செய்தியோ வேறு. திரைமூர்ச் சபையாரும், திருவிடைமருதின் நகரத்தாரும், கோயிலின் தேவகன்மிகளும் கோயில் நாடகசாலையிலே இருந்து ஒரு முடிவெடுக்கிறார்கள். கீர்த்தி மறைக்காடன் என்னும் சாக்கைக் கூத்தருக்கு நிலம் ஒதுக்குவது என்பதே அம்முடிவு. தைப்பூசத்திலும் வைகாசித் திருவாதிரையிலுமாக ஏழு அங்கம் ஆரியக்கூத்து ஆடுவதற்கான கூத்துக்காணி அது.

கூத்து நடக்கும் கூடத்திலேயே ஊரின் கூட்டமும் நடக்கிறது. நிலம் கொடுப்பவர்கள் அமர்ந்திருக்கும் இடமும், நிலம் பெற்றவர் நாளை ஆடப்போகும் இடமும் ஒன்றே. பயிரிடுவோரின் நிலக்கணக்கையும் கோயிலின் விளக்குக் கணக்கையும் பேசி முடித்த அதே தரையில் சில வாரங்கள் கழித்து அரிதாரம் பூசியவர்கள் வந்து நிற்கிறார்கள். அன்று கணக்குக் கேட்டவர்கள் இன்று கதை கேட்கிறார்கள். இந்தக் காட்சியை மனத்தில் நிறுத்திப் பார்த்த பிறகு, அந்தக் கோயிலைச் சிற்பக்கூடமாக மட்டும் பார்ப்பது எங்களுக்கு இயலாமற் போயிற்று.

இது ஓர் ஊரின் தனி வழக்கமும் அன்று. திருவிடைமருதூரிலிருந்து அதே மயிலாடுதுறைச் சாலையில் ஆடுதுறையைத் தாண்டினால் திருவாவடுதுறை வரும். அவ்வூர்க் கல்வெட்டு ஒன்று நானாவிதநடசாலை என்று ஓர் அரங்கத்தைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. முதலாம் இராசராசன் காலத்தில் அங்கும் ஏழு அங்கம் ஆரியக்கூத்து ஆட நிலம் கொடுத்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசித் திருவிழாவின்போது இராசராசேசுவர நாடகம் ஆடிய சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் அளந்ததை 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. காவிரி பாய்ந்த ஊர்களில் நெல்லும் கூத்தும் ஒரே கணக்கேட்டில் இருந்தன.

இன்று அந்த நாடகசாலையைத் தேடிப் போகிறவர் கோயிலில் அதைக் காண மாட்டார். மகாலிங்கசுவாமி கோயில் காலந்தோறும் புதுப்பிக்கப்பட்டு வந்த கோயில். கல்வெட்டுத் தொகுதியில் அச்சாகி நிற்கும் வாசகத்தில்தான் நாடகசாலை இருக்கிறது. பழையதைப் புதுப்பிப்பவர்களுக்கும் ஒரு காலத்தில் நெறி இருந்தது என்பதற்கு அதே ஊரில் சான்று கிடைக்கிறது. தெள்ளாற்றில் வென்ற நந்திவர்மன் என்னும் 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவன் குமரமார்த்தாண்டன் என்ற பெயரில் ஒரு நந்தாவிளக்கு வைத்து, அதற்கு 60 கழஞ்சு பொன் கொடுத்திருந்தான். பின்னர் சோழர் காலத்தில் கோயிலைக் கல்லால் எடுத்தபோது பழைய கல்லிலிருந்த செய்தியைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினார்கள். அரசகுலம் மாறியும் கொடுத்தவன் பெயரையும் கொடுத்த பொன்னின் எடையையும் மறைக்கவில்லை. கட்டடம் மாறினாலும் ஊர் ஒப்புக்கொண்டது மாறக்கூடாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

இதை எழுதும் இந்நேரத்தில் இங்கிலாந்தின் நாட்டுப்புற ஊர்களில் இருக்கும் ஊர்க்கூடங்களை நினைத்துப் பார்க்கிறோம். அங்கே சிற்றூர்களில் பெரும்பாலும் மாதாகோயிலுக்கு அருகிலேயோ பசும்புல் திடலை ஒட்டியோ ஓட்டுக் கூரை போட்ட எளிய கட்டடம் ஒன்று இருக்கும். இங்கிலாந்தில் மட்டும் இத்தகைய கூடங்கள் 10,000-க்கும் மேல் இருக்கின்றன. முதல் உலகப்போரில் மாண்டுபோன ஊர்ப்பிள்ளைகளின் நினைவாகப் பல எழுந்தன. ஊராரே அறங்காவலர்களாக இருந்து நடத்துவது வழக்கம். காலையில் குழந்தைகள் பள்ளி, மாலையில் பெண்கள் சங்கம், சனிக்கிழமை நாடகம், தேர்தல் நாளில் வாக்குச்சாவடி, வெள்ளம் வந்தால் புகலிடம் என எல்லாம் அந்த ஒரே கூரையின்கீழ்தான். ஊருக்கு அருகில் இருக்கும் பழங்கோட்டையையும் மடாலயத்தின் இடிபாடுகளையும் பார்க்கவரும் பயணிகளுக்குத் தேநீர் கொடுப்பதும் சில ஊர்களில் அந்தக் கூடம்தான். வரலாறு கோட்டையில் இருக்கிறது, ஊர் கூடத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் நடந்துபோகும் தூரமே இருக்கிறது.

அதைப் படிக்கையில் நமக்கு வரும் முதல் எண்ணம், ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் ஏற்பாடு’ என்பதாக இருக்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே திருவிடைமருதூரில் அது இருந்தது என்று சொல்லி மார்தட்டிக்கொள்வது அடுத்த எண்ணமாக இருக்கலாம். இந்த இரண்டாவது எண்ணத்தைப் பற்றித்தான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

சோழர்காலச் சபைகளின் பெருமை பேசாத மேடை நம் நாட்டில் இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் என்று இன்று வழங்கும் சபா மண்டபத்தின் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டப்பட்ட விதிகளைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். முப்பது குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள், குடம், ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் கைவிட்டு எடுப்பது, ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் பாடநூலில் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்கக்கூடாது என்ற விதியைப் படிக்கும்போது நமக்கு மெய்சிலிர்க்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் தன் பொன்னையும் காசையும் ஊர்ச் சபைகளிடம் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டி வாங்கியது. பேரரசனே ஓர் ஊர்ச்சபையின் வாக்கை நம்பிப் பொன்னைக் கொடுத்தான் என்றால் அந்த வாக்குக்கு மதிப்பு இருந்தது என்று பொருள். மறுப்பதற்கில்லை.

ஆனால் உத்திரமேரூர்ச் சுவரிலேயே இன்னொரு பக்கமும் எழுதியிருக்கிறது. வரி செலுத்தும் கால்வேலி நிலமாவது இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். நிலமில்லாதவனின் பெயர் ஓலையில் ஏறாது. பெண்ணின் பெயர் ஏறாது. செம்பியன் மாதேவி இந்தக் காவிரிக் கரையில் கோயில் கோயிலாகச் செங்கல்லைக் கல்லாக்கினார். ஆனாலும் அவர் கற்றளி எடுத்த ஊர்களின் சபைகளில் எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்களின் வரியில்லா நிலங்களைப் பட்டியலிடுகையில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும் பிரித்துச் சொல்கின்றன. அந்தச் சேரிகளில் இருந்தவர்களே வயலில் இறங்கியவர்கள். கூத்துக்காணியாக ஒதுக்கிய நிலத்தில் நாற்று நட்டவர்களும் அவர்களாகவே இருந்திருப்பார்கள். நாடகசாலையில் நடந்த பேச்சில் அவர்களுக்குக் குரல் இல்லை.

ஆகவே பழைய கூடத்தை அப்படியே மீட்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே கூரை இருந்தது, எல்லோருக்கும் இடம் இல்லை. இதை ஒப்புக்கொண்ட பிறகே மேலே பேச முடியும்.

சோழர்களுக்குப் பின் வந்த நூற்றாண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். சபைகள் தேய்ந்தன. நாயக்கர்களும் மராட்டியர்களும் தஞ்சையை ஆண்டார்கள். இரண்டாம் சரபோஜி 1802-இல் ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரமும், நீடாமங்கலத்தின் யமுனாம்பாள் சத்திரமும் இன்றும் நிற்கின்றன. வழிப்போக்கருக்குச் சோறிட்ட அழகிய கட்டடங்கள் அவை. ஆனால் சத்திரம் என்பது வந்துபோகிறவர்களுக்கானது. உள்ளூர்க்காரன் உட்கார்ந்து ஊர் நடப்பைப் பேசும் இடமன்று. ஊர் நடப்பைப் பேசுவதற்குப் பிற்காலத் தஞ்சையில் இருந்தவை திண்ணைகள். தி. ஜானகிராமனின் பாத்திரங்கள் எத்தனை மாலைகளைத் திண்ணையில் கழித்திருக்கிறார்கள் என்பது அவரைப் படித்தவர்களுக்குத் தெரியும். அந்தத் திண்ணை தெருவைப் பார்த்தபடி இருந்தாலும் வீட்டுக்காரருக்கே சொந்தம். அழைக்கப்பட்டவர் உட்காரலாம், மற்றவர் நிற்க வேண்டும். கிழக்குத் தஞ்சையில் பண்ணை வீட்டுத் திண்ணையே நீதிமன்றமாகவும் இருந்தது. தீர்ப்புக் கேட்க வந்தவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். 1940-களில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்தபோது அவர்கள் கூடியது களத்துமேட்டிலும் மரத்தடியிலும். 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் அடைக்கலம் தேடி ஒரே குடிசைக்குள் புகுந்த 44 பேர் எரிந்து போனார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியைப் பற்றிச் சமமாக உட்கார்ந்து பேச ஓர் இடமில்லாமல் போன மண்ணில் நடந்தது அது. இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனலையும் சோலை சுந்தரபெருமாளின் செந்நெல்லையும் படித்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். நிலம் வேண்டாம், மனை வேண்டாம், வேதம் வேண்டாம். பதினெட்டு வயது நிறைந்தால் போதும். 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் என நான்கு நாள்களில் கூடிவந்த சபைக்கு, 2022-இல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம், உள்ளாட்சி நாளாக அறிவிக்கப்பட்ட நவம்பர் 1-உம் சேர்ந்தன. உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. உத்திரமேரூர்ச் சுவர் எவரையெல்லாம் வெளியே நிறுத்தியதோ அவர்கள் அனைவரும் உள்ளே வந்துவிட்டார்கள். காவிரிக் கரையில் ஆயிரம் ஆண்டுகளில் நடந்த பெரிய மாற்றங்களுள் ஒன்று இது என்று சொல்வது மிகையாகாது.

ஆனால் அவர்கள் எந்தக் கூடத்துக்குள் வந்தார்கள்? எங்கள் மனத்தை உறுத்துவது இந்த இடம்தான்.

இக்கேள்வியோடு நாங்கள் சில ஆண்டுகளாகத் தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் கிராம சபை நாள்களில் போய் உட்கார்ந்து வந்திருக்கிறோம். ஓரூரில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் துணிப்பந்தல் போட்டு நடந்தது; பத்து மணிக்கு வெயில் பந்தலுக்குள் நுழைந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இன்னோர் ஊரில் நெல் மூட்டைகளை நகர்த்திவிட்டுக் களத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்காலிகள் இருபது, வந்தவர்கள் நூற்றுக்கு மேல். யார் உட்காருவது, யார் நிற்பது என்பது எவரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. மற்றோர் ஊரில் கோயில் வாசல் மண்டபத்தில் கூட்டம் என்று தண்டோரா போட்டார்கள். கீழத்தெருக்காரர்கள் வந்தார்கள், ஆனால் படியேறவில்லை. கீழே நின்றே கேட்டார்கள், நின்றே கையெழுத்துப் போட்டார்கள். ஏன் மேலே வரவில்லை என்று ஒரு முதிய பெண்மணியிடம் கேட்டோம். அவர் எங்களை ஒரு முறை பார்த்துவிட்டுச் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

இந்த ஊர்களில் கட்டடம் இல்லாமலில்லை. சமுதாயக் கூடம் என்று பலகை மாட்டிய கட்டடம் பெரும்பாலான ஊர்களில் உண்டு. 2006-க்குப் பின் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் எழுந்த நூலகங்களும் உண்டு. நாங்கள் கண்ட கூடங்களுள் ஒன்றில் உரமூட்டைகள் அடுக்கியிருந்தன. இன்னொன்று ஊருக்குள் ஒரு தெருவாருக்கு மட்டும் கல்யாணத்துக்குக் கிடைக்கும். மூன்றாவது பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டபோது மூன்று வீடுகளைக் காட்டினார்கள், மூன்று வீட்டிலும் இல்லை. ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று என இரண்டு கூடங்கள் கட்டிய ஊரையும் கண்டோம். இரண்டையும் கட்டியது ஒரே ஊராட்சி. பறைச்சேரியையும் ஊர்நத்தத்தையும் பிரித்தெழுதிய அந்தப் பழைய கல்வெட்டின் தொடர்ச்சியை எங்களால் அங்கே படிக்க முடிந்தது.

இதில் என்ன நஷ்டம், மரத்தடியில் பேசினால் பேச்சாகாதா என்று கேட்கலாம். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் அமர, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த புகைப்படம் நாட்டையே உலுக்கியது. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கே நாற்காலி இல்லாத இடத்தில் தேர்ந்தெடுத்தவருக்குப் பாய் கிடைக்குமா? உட்காரும் இடம் என்பது வசதியைப் பற்றிய பேச்சன்று, மதிப்பைப் பற்றியது. எவருடைய வாசலாகவும் இல்லாத, எவருடைய தயவிலும் திறக்கப்படாத ஒரு கூடத்தில், எல்லோருக்கும் ஒரேவிதமான பாயோ நாற்காலியோ விரித்திருந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

ஊர் கூடுவதற்கு எவ்வளவு பெரிய காரணங்கள் வரக்கூடும் என்பதையும் டெல்டா மக்கள் கண்டுவிட்டார்கள். திருவிடைமருதூர் வட்டத்திலேயே உள்ள கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30-ஆம் நாள் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டுத் தீப்பிடித்தபோது, மக்கள் திரண்டதும் கைதுகள் நடந்ததும் செய்தியாயின. பின்னர் நெடுநாள் திறந்தவெளியில் கூடி அமர்ந்துதான் அவர்கள் தங்கள் மறுப்பைத் தெரிவித்தார்கள். காவிரிப் படுகையின் பல கிராம சபைகள் ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. 2020 பிப்ரவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியதற்குப் பின்னால் அந்தத் தீர்மானப் புத்தகங்களின் கனமும் இருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறிய நாளில், கூரை பறந்தவர்கள் பள்ளிக்கூடங்களையும் கல்யாண மண்டபங்களையும் தேடி ஓடினார்கள். மழைக்கும் பேச்சுக்கும் ஒரே கட்டடம் போதும். அந்த ஒன்று ஊரின் நடுவில், எல்லோரும் நுழையக்கூடியதாக இருக்க வேண்டும்.

சில மறுப்புகளை எதிர்பார்க்கிறோம். தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்துவிட்ட காலத்தில் எவர் கூடத்துக்கு வருவார் என்பது முதலாவது. கிராம சபைக்கு ஆள் வராததன் காரணம் கைப்பேசி என்று எங்களுக்குத் தோன்றவில்லை. முடிவுகள் வேறெங்கோ எடுக்கப்பட்டு, இங்கே கையெழுத்துக்காக மட்டும் அழைக்கப்படுகிறார்கள் என்பதே காரணம். 2016 அக்டோபரிலிருந்து மூன்றாண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளே இல்லை. 2019 இறுதியில் தேர்தல் நடந்த தஞ்சை உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோதும் தேர்தல் உடனே வரவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாத நாள்களிலும் சபை இருக்கிறது, வாக்காளர்கள் இருக்கும்வரை சபை கலையாது. அதை மக்களுக்கு நினைவூட்ட ஒரு கட்டடத்தைப்போல் உதவுவது வேறில்லை.

இரண்டாவது மறுப்பு, பழைய கோயில் மண்டபங்களே ஊர்தோறும் இருக்கையில் புதிதாக எதற்கு என்பது. கோயிலின் அழகில் மயங்கியவர்கள் நாங்கள், எங்களுக்கே அந்த ஆசை இருந்தது. நாடகசாலையில் ஊர் கூடியதே, இன்று ஏன் கூடக்கூடாது? படியேறாமல் நின்ற அந்தப் பெண்மணியைப் பார்த்த பிறகு அந்த ஆசையை விட்டுவிட்டோம். தவிர, இந்த ஊர்களில் இசுலாமியரும் கிறித்தவரும் வாழ்கிறார்கள். கோயிலில் கூத்தும் இசையும் வளரட்டும், சட்டப்படியான சபைக்குப் பொதுவான கூரை வேண்டும்.

மூன்றாவது மறுப்பு, கட்டினாலும் ஆதிக்கக்காரரின் கைக்கே போகும் என்பது. இதற்கு எங்களிடம் முழுமையான விடை இல்லை. ஆனால் சில எளிய ஏற்பாடுகள் தோன்றுகின்றன. கூடம் ஊருக்கும் காலனிக்கும் நடுவில், இரு பக்கத்தாரும் நடந்துவரும் பொதுவழியில் அமையட்டும். இரண்டு கூடங்கள் இருக்கும் ஊரில் ஒன்றை நூலகமாக்கி, மற்றொன்றை எல்லோருக்கும் பொதுவாக்கலாம். சாவி ஆண்டுக்கொரு வார்டாக மாறிவரட்டும். பாதி ஆண்டுகளில் அது பெண் உறுப்பினரிடம் இருக்கட்டும். தீர்மானங்களையும் வரவுசெலவையும் கூடத்தின் வெளிச்சுவரில் எண்ணெய்ச் சாயத்தால் எழுதி வைக்கட்டும். சோழர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது இதுதான். அவர்கள் முடிவை ஓலையில் எழுதிப் பெட்டிக்குள் வைத்ததோடு நிற்கவில்லை, கண்ணுக்குத் தெரியும் சுவரில் வெட்டினார்கள். வாசிக்கத் தெரிந்தவர் குறைவாக இருந்த காலத்திலேயே அப்படிச் செய்தார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த இந்தக் காலத்தில் நாம் கணக்கைப் பீரோவில் பூட்டுகிறோம்.

கூடத்தில் ஒரு சிறிய மேடையும் வேண்டும். கணக்கு மட்டும் பேசும் இடத்துக்கு மக்கள் கடமைக்காகத்தான் வருவார்கள். கூத்தும் கதையும் நடக்கும் இடத்துக்கு விருப்பத்தோடு வருவார்கள். வந்து பழகிய காலுக்குக் கூச்சம் போய்விடும். நாடகசாலையில் ஊர் கூடியதன் சூட்சுமம் இதுவாகத்தான் இருக்கும் என்று இப்போது எங்களுக்குப் படுகிறது.

கடைசியாக, இலக்கியம் பேசும் நம்மைப் பற்றியும் ஒரு சொல். நம் கூட்டங்கள் எங்கே நடக்கின்றன? கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஒரு தங்கும் விடுதியின் மாடியறையில், மின்விசிறியின் கீழ், அதே முப்பது முகங்களோடு. காவிரிக் கரையைப் பற்றிய நாவல்களை அந்த அறையில் விவாதித்துவிட்டு, மறுநாள் காலை தாராசுரம் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறோம். நாவலுக்குள் வந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகள் மூன்று கல் தொலைவில், பூட்டிய கூடத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வரும் தையில், பூசத்துக்கு மறுநாள், எங்கள் கூட்டத்தைத் திருவிடைமருதூருக்கு அருகில் ஒரு சிற்றூரின் சமுதாயக் கூடத்தில் நடத்துவதென்று முடிவு செய்திருக்கிறோம். உரமூட்டைகள் இருந்தால் நாங்களே நகர்த்திக்கொள்வோம். பாய் எல்லோருக்கும் ஒன்றுபோல் விரிக்கப்படும். மாலையில் ஒரு சிறுகதை வாசிப்பு, இருட்டியதும் ஒரு கூத்து. மறுநாள் விரும்புகிறவர்களை மகாலிங்கசுவாமி கோயிலுக்கு அழைத்துப் போவோம். மராட்டிய அரசகுலத்துப் பெண் ஒருத்தி 1853-இல் வைத்த பாவைவிளக்கைப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் முதலில் கூடம், பிறகு கோயில். சாவிக்காக இப்போதே மூன்று வீடுகளில் சொல்லி வைத்திருக்கிறோம்.